காயத்திற்குக் கடன்பட்டவர் யார்?

ஒரு மனிதன் வீதியில் வைத்து வெட்டப்படுகின்றான். அல்லது தடியால் தாக்கப்பட்டுக் கண்பார்வையை இழக்கின்றான். உயிர் போகவில்லை. கண்டி வைத்தியசாலையில் பல வாரங்கள் கிடந்து, கை வழங்காதவனாக வீடு திரும்புகின்றான். அவனைக் காணவரும் உற்றாரும் அயலாரும் கூறும் முதல் வார்த்தை, "உயிர் தப்பியதே பெரும் புண்ணியம்" என்பதாகும். அவ்வார்த்தையிலே அன்பு உண்டு. ஆயின் அதனுள்ளே ஒரு தீர்ப்பும் மறைந்து கிடக்கின்றது. தப்பிய உயிரோடு திருப்தி கொள், அதற்கு மேல் உனக்கு வரவேண்டியது எதுவுமில்லை என்பதே அத்தீர்ப்பு. அவன் நட்டஈடு கேட்டு எழுந்து நிற்பானாயின், அதே அயலார் அவனை வேறு கண்கொண்டு நோக்கத் தொடங்குவர். "காயத்தைக் காட்டிக் காசு பார்க்கிறான்" என்னும் பேச்சு எழும்.

இப்பேச்சை இலேசாகக் கருதி ஒதுக்கிவிடுதல் ஆகாது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவனை நாம் பிச்சைக்காரன் என்று சொல்வதில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்பவனைப் பேராசைக்காரன் என்றும் சொல்வதில்லை. அவ்வாறாயின் இழந்த கைக்கும் இழந்த கண்ணுக்கும் ஈடு கேட்பவன் மட்டும் ஏன் கூனிக்குறுகி நிற்க வேண்டும்? நட்டஈடு என்பது தருமமா, விலையா, கடனா? கடன் எனின் அக்கடனைத் தீர்க்க வேண்டியவர் யார்? அடித்தவனா, அடித்தவனுடைய இனமா, அன்றி அனைவருக்கும் பொதுவான அரசா? இக்கேள்வி ஏட்டில் மட்டும் எழுந்ததன்று. கண்டி நகரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நேருக்கு நேர் சந்தித்து வந்துள்ள கேள்வி இது.

காயமுற்றவனுக்குச் சட்டம் எந்த இடத்தைக் கொடுத்துள்ளது என்பதை முதலில் நோக்குவோம். நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது பொலிஸ். மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவர் சட்டமா அதிபர். குற்றம் அரசுக்கு எதிரானது. விதிக்கப்படும் தண்டப்பணமும் அரசின் திறைசேரிக்கே செல்கின்றது. வெட்டுப்பட்டவனோ அங்கே ஒரு சாட்சி மாத்திரமே. அவனுடைய உடல் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் ஒரு சான்றாகின்றது. தன் உடலில் நிகழ்ந்த குற்றத்தின் வழக்கிலே அவன் அழைக்கப்படும்போது வந்து, கேட்கப்பட்டதற்கு விடை கூறி, இறங்கிச் செல்ல வேண்டியவனாகின்றான்.

ஈடு பெறுவதற்கு வழிகளே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குற்றவாளியாகக் காணப்பட்டவன் பாதிக்கப்பட்டவனுக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு வழங்குகின்றது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிப்பதற்கென 2015ஆம் ஆண்டில் 4ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தை 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பெற்றுக்கொண்டது. ரோமன்-டச்சுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குத் தொடுத்து, வைத்தியச் செலவுக்கும் இழந்த உழைப்புக்கும் பட்ட வேதனைக்கும் ஈடு கேட்கலாம். தீங்கிழைத்தது அரசின் கரமாயின் அடிப்படை உரிமை மீறல் மனுவுடன் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

ஆயின் வழி இருப்பது வேறு, அதிலே நடக்க இயலுவது வேறு. முதலாவது வழி குற்றவாளி தண்டிக்கப்பட்ட பின்னரே திறக்கின்றது. அதற்குப் பல ஆண்டுகள் கழியலாம். மாவட்ட நீதிமன்ற வழக்கை, 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். ஒரு வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பவன் மற்றொரு வழக்கின் காலத்தை இழந்துவிடுகின்றான். உயர் நீதிமன்றத்திற்குச் செல்ல அரசியலமைப்பு கொடுத்த காலமோ ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தைக் காயமுற்றவன் வைத்தியசாலைக் கட்டிலிலேயே கழித்திருக்கக் கூடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அம்மாதத்திற்குள் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் சேராது என்பதை அறிந்த கூலித் தொழிலாளி எத்தனை பேர்? சாதாரண காயம் விளைவித்தல் போன்ற குற்றங்கள் 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளுக்கு முதலில் அனுப்பப்படுகின்றன. சமமானோரிடையே சமாதானம் நன்று. அடித்தவன் ஊரின் வட்டிக்காரனாகவும் அடிபட்டவன் அவனிடம் கடன்பட்டவனாகவும் இருக்கும்போது, அச்சமாதானத்தின் பாரத்தை யார் சுமப்பர் என்பது வெளிப்படை.

இனி, அடித்தவனே கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையைப் பரிசீலிப்போம். இது மிகப் பழைமையானதும் மனித இயல்புக்கு மிக நெருக்கமானதுமாகும். கிரேக்க மேதை அரிஸ்டாட்டில், ஒருவன் மற்றொருவனுக்குத் தீங்கிழைக்கும்போது இருவருக்கும் இடையேயுள்ள சமநிலை குலைகின்றது என்றும், குலைந்த சமநிலையை மீட்பதே நீதிபதியின் தொழில் என்றும் கொண்டார். தீங்கிழைத்தவன் நல்லவனா கெட்டவனா என்பது அங்கே கேள்வியன்று. ஒருவன் எடுத்துக்கொண்டான், மற்றவன் இழந்தான் என்பதே கணக்கு.

கணக்கு நேரானது. ஆனால் வாழ்க்கை அதற்கு இடங்கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் சிறைச் சீர்திருத்தத்திற்காக உழைத்த மார்ஜரி பிரை அம்மையார் எடுத்துக்காட்டிய வழக்கொன்று உண்டு. இருவர் தாக்கியதால் ஒருவன் குருடனானான். நீதிமன்றம் அவனுக்கு 11,500 பவுண் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. தாக்கிய இருவரும் வாரத்திற்கு ஆளுக்கு ஐந்து சிலிங் வீதம் செலுத்த வேண்டும். இறுதித் தவணையைப் பெறுவதற்கு அந்தக் குருடன் இன்னும் 442 ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தது! இது சிரிப்பதற்குரிய கதையன்று. வீதி வன்முறையிலே அடிப்பவனும் பெரும்பாலும் ஏழையே; வறுமையும் வேலையின்மையும் மதுவும் பகையும் சேர்ந்து உருவாக்கிய ஒருவன். அவனிடம் மட்டும் ஈட்டை எதிர்பார் என்று காயமுற்றவனுக்குச் சொல்வது, ஒன்றும் எதிர்பாராதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நீதி என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆராய்ச்சி மணி அன்றோ? கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. மன்னன் தன் மைந்தனையே தேர்க்காலிலிட்டான். தமிழர் இதனை மனுநீதிச் சோழன் கதையாகப் போற்றுவர். மகாவம்சமும் எல்லாளன் வரலாற்றில் இத்தகைய கதையைக் கூறி அவனைப் புகழும். இரு மொழியினரும் ஒருங்கே போற்றும் நீதி இது. ஆயினும் நாம் ஒன்று கேட்போம்: அந்தப் பசுவுக்குக் கிடைத்தது என்ன? தனக்கு நேர்ந்த துயரம் அரசனுக்கும் நேர்ந்ததைக் கண்டது, அவ்வளவே. தமிழ்க் கதையிலே இறுதியில் இறைவன் தோன்றிக் கன்றை உயிர்ப்பிக்கின்றார். தண்டனை இழந்ததை மீட்டுத் தராது என்பதைக் கதை கட்டியவரே உணர்ந்திருந்தார் போலும். இறைவனுக்காகக் காத்திராத மனிதர், அந்த மீட்டுத் தரும் வேலையில் தம்மால் இயன்ற பங்கைத் தாமே ஏற்க வேண்டும்.

அடித்தவனால் இயலாதெனின் அடித்தவனுடைய இனம் கொடுக்கட்டும் என்பது இரண்டாவது விடை. இந்த விடை 1915ஆம் ஆண்டில் இந்நாட்டிலேயே நடைமுறைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் 28ஆம் நாள், வெசாக் இரவில், கண்டி காசில் ஹில் வீதியிலிருந்த பள்ளிவாசல் அருகே ஊர்வலம் பற்றி மூண்ட பூசல் சிங்கள - முஸ்லிம் கலவரமாகிப் பிற மாகாணங்களுக்கும் பரவியது. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், 189 பேர் காயமுற்றனர், 4,075 வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன என அன்றைய கணக்குகள் கூறின. மதப் பூசலின் அடியில் வணிகப் போட்டியும் விலையேற்றமும் வேலையற்றோரின் கொதிப்பும் இருந்ததைக் குமாரி ஜயவர்த்தன போன்ற ஆய்வாளர் பின்னர் தெளிவுறுத்தினர்.

பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. பின்னர் நட்டஈட்டுக்கெனக் கட்டளைச் சட்டம் ஒன்றை இயற்றி, கலவரம் நடந்த பிரதேசங்களின் சிங்கள மக்கள்மீது கூட்டாக வரி சுமத்தியது. கொள்ளையிட்டவனும் கொடுத்தான், வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு நடுங்கியிருந்தவனும் கொடுத்தான். முஸ்லிம் அயலவனைத் தன் குடிசையில் ஒளித்து வைத்துக் காத்த குடியானவன் ஒருவன் இருந்திருப்பின் அவனும் கொடுத்தேயாக வேண்டும். சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் இக்கொடுமைகளைக் கண்டித்து முழங்கினார். அவருடைய துணிவு போற்றத்தக்கது. எனினும் அடக்குமுறைக்குள்ளான சிங்களவரின் குரல் அவர் பேச்சில் ஒலித்த அளவுக்குக் காயமுற்ற முஸ்லிமின் குரல் ஒலிக்கவில்லை என்ற மனத்தாங்கல் முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலம் நிலைத்தது. அம்மனத்தாங்கலிலும் நியாயம் உண்டு.

அந்த வரியில் மிக நுட்பமான அநீதி ஒன்று உண்டு. மக்களைக் காப்பதாகக் கூறி ஆயுதத்தைத் தன் கையில் வைத்திருந்த அரசு, காக்கத் தவறியது. தவறிய அரசு கடனாளியாக நின்றிருத்தல் வேண்டும். அதுவோ கடன் வசூலிப்பவனாக உருமாறிக்கொண்டது. இரு இனத்தவரையும் ஒருவருக்கொருவர் கடன்காரராக நிறுத்திவிட்டு, தான் நடுநிலை நின்ற நீதிமானாகக் காட்சியளித்தது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சினந் தணிப்பதற்காகப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரத்தின் முன்னுரைப் பகுதி கூறும். பொய்யுரைத்தவன் ஒரு பொற்கொல்லன்; ஆராயாது கொல்லச் சொன்னவன் ஓர் அரசன்; பலியானோர் அத்தொழிலிற் பிறந்த ஆயிரவர். அரசனின் கடன் ஒரு சாதியின் தலையில் இறக்கி வைக்கப்பட்டது. 1915இன் வரிக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டு. நியாயத்தில் வேறுபாடு இல்லை.

நூற்று மூன்று ஆண்டுகளின் பின் இதே நியாயம் அரசின் கையினின்றும் கும்பலின் கைக்கு மாறியது. 2018 பெப்ரவரி 22ஆம் நாள் தெல்தெனியவில், வீதியில் ஏற்பட்ட தகராறொன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கினர். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் உயிர் துறந்தார். இங்கே முதலில் காயமுற்றவர் அவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவருடைய குடும்பத்திற்கு நீதியும் ஈடும் கேட்கும் உரிமை முழுமையாக இருந்தது. 2015ஆம் ஆண்டின் சட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. ஆனால் அக்குடும்பத்தின் பெயரால், அக்குடும்பத்தைக் கேளாமலே, வேறொரு வசூல் தொடங்கியது. திகன, தெல்தெனிய, மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் நூற்றுக்கணக்கில் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆம் நாள் அவசரகாலநிலை பிரகடனமாகிய பின்னரும் தாக்குதல்கள் ஓயவில்லை. படையினர் பார்த்து நின்றனர் என்றும், சிலர் தாக்குதலில் பங்குகொண்டனர் என்றும் பாதிக்கப்பட்டோர் குற்றஞ்சாட்டினர்.

கடையை எரித்தவன் தான் நியாயம் செய்வதாகவே எண்ணியிருப்பான். "அவர்கள்" எடுத்தார்கள், "அவர்களிடம்" எடுக்கிறோம் என்பதே அவன் கணக்கு. ஆயின் எடுத்த "அவர்" ஒருவர், இழந்த "அவர்" வேறொருவர். எரிந்த கடையினின்றும் லொறிச் சாரதியின் மனைவி மக்களுக்கு ஒரு பிடி அரிசியும் வரவில்லை. பழி வாங்குதலுக்கும் நட்டஈட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பழி, ஒரே பெயரைத் தாங்கியவரைத் தேடிச் செல்கின்றது. நட்டஈடு, பொறுப்பைத் தாங்க வேண்டியவரைத் தேடிச் செல்ல வேண்டும். பழிக்கு இழந்தவனின் முகம் தேவையில்லை. நட்டஈட்டுக்கு அவனே தொடக்கம்.

அடித்தவன் இயலாதவன், இனம் கடனாளியன்று எனின், மூன்றாவது விடையே எஞ்சுகின்றது. அரசு, அதாவது பொதுமக்களாகிய நாம் அனைவரும், அக்கடனை ஏற்றல் வேண்டும். இது புதுமையான எண்ணமன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டம், கள்வன் பிடிபடாவிடின் பறிகொடுத்தவனின் இழப்பை அந்நகரமும் அதன் தலைவனும் ஈடுசெய்ய வேண்டுமெனக் கூறியது. மறக்கப்பட்ட இவ்வெண்ணத்தை மார்ஜரி பிரை போன்றோர் 1950களில் மீண்டும் எழுப்பினர். நியூசிலாந்து 1963ஆம் ஆண்டிலும் பிரித்தானியா 1964ஆம் ஆண்டிலும் குற்றத்தால் காயமுற்றோருக்குப் பொதுப் பணத்தினின்றும் ஈடு வழங்கும் ஏற்பாட்டைச் செய்தன. 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, குற்றவாளியிடமிருந்து முழு ஈடு கிடையாதபோது அரசுகள் அளிக்க முயலவேண்டுமெனப் பிரகடனஞ் செய்தது. இந்தியா 2008ஆம் ஆண்டின் திருத்தத்தால் இதற்கெனத் தன் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்தது.

"நான் அடிக்கவில்லையே, என் வரிப்பணம் ஏன் செல்ல வேண்டும்?" என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு நாம் இம்மலைநாட்டின் தேயிலைத் தொழிற்சாலைகளையே காட்டுவோம். இயந்திரத்தில் கை சிக்குண்ட தொழிலாளியிடம், உன் கவனக்குறைவு என்று சொல்லிக் கையை விரித்த காலம் ஒன்றிருந்தது. தொழிலாளரின் நெடும் போராட்டத்தால் உலகெங்கும் அந்நியாயம் மாறியது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையில் நேர்ந்த காயத்திற்கு முதலாளி பொறுப்பென ஏற்றது. இயந்திரத்தால் இலாபம் பெறுபவன் அது விளைக்கும் ஆபத்தையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வன்முறையும் வானத்தினின்றும் விழுவதன்று. பகையை வளர்த்து வாக்குச் சேர்க்கும் அரசியலும், மதுவை விற்று வரி சேர்க்கும் திறைசேரியும், வேலையின்றித் திரியும் இளமையும் அதனை விளைவிக்கின்றன. அவ்விளைவின் பாரம் தற்செயலாக வீதியில் வந்த ஒருவனின் உடல்மீது முழுவதும் இறங்குகின்றது. அப்பாரத்தைப் பகிர்ந்துகொள்வது தருமமன்று, கணக்குத் தீர்த்தல். மேலும், உன் கையால் நீதி செய்யாதே, என்னிடம் விட்டுவிடு என்று குடிமகனின் கையைக் கட்டியது அரசு. கட்டிய கைக்குப் பதில் சொல்ல அது கடமைப்பட்டது.

அரசு கொடுப்பதால் குற்றவாளி தப்பிவிடுகின்றான் என்பதும் பொருந்தாது. காயமுற்றவனுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, அடித்தவனிடமும் தூண்டியவனிடமும் பின்னர் அறவிடலாம். 442 ஆண்டுகள் காத்திருக்கும் வல்லமை அரசுக்கு உண்டு, குருடனுக்கு இல்லை. தூண்டியோரில் பெரியோரும் உளர். 2018இல் வன்செயலைத் தூண்டும் பேச்சும் பொய்யும் தன் தளத்தில் பரவியமைக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. உலகப் பெருமுதலாளி ஒருவன் தன் பங்கை வருத்தத்தோடு முடித்துக்கொள்ள, எரிந்த கடையின் சாம்பலைக் கூட்டும் சிறு வணிகன் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடப்பதா?

எவ்வளவு கொடுப்பது என்பதிலும் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஹம்முராபியின் சட்டம் உயர்குடியானின் கண்ணுக்குக் கண்ணையே கேட்டது. சாமானியன் கண்ணுக்கு வெள்ளி போதுமென்றது. அடிமையின் கண்ணுக்கு அவன் விலையில் பாதி போதுமென்றது. நம் காலத்தில் அவ்வாறு வெளிப்படையாக எவரும் எழுதுவதில்லை. எனினும் இழந்த வருமானத்தைக் கொண்டே ஈடு கணக்கிடப்படும்போது, கொழுந்து பறிப்பவளின் கை வழக்கறிஞரின் கையிலும் மலிவாகிவிடுகின்றது. அவளுக்கோ கையைத் தவிர வேறு மூலதனம் இல்லை. 1983 வன்செயலின் பின் அமைக்கப்பட்ட அதிகாரசபையின் பெயரில் சொத்துக்களும் கைத்தொழில்களுமே இடம்பெற்றிருந்தன. 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்திலேதான் "ஆட்கள்" என்ற சொல்லும் பெயரில் சேர்ந்தது. எரிந்த ஆலைக்குப் பின்னரே எரிந்த மனிதன் நினைவுக்கு வந்தான்! அதன் இடத்தில் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் நிறுவப்பட்டது. பெயரில் வந்த மாற்றம் கணக்கிலும் வரவேண்டும்.

இங்கே வேறொரு கேள்வி எழலாம். நட்டஈடு உரிமையாயின், வடக்கிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரத்தில் இருந்து, எங்களுக்குப் பணம் வேண்டாம், பிள்ளைகள் எங்கே என்று கேட்பது ஏன்? அவர்கள் நட்டஈட்டின் இயல்பை நம்மிலும் நன்கறிந்தவர்கள். உண்மையைக் கூறாது, குற்றவாளியைக் காட்டாது, பணத்தை மட்டும் நீட்டுபவன் கடனைத் தீர்க்க வரவில்லை; கணக்குப் புத்தகத்தை மூட வருகின்றான். அத்தகைய பணம் வாய்க்குப் போடும் பூட்டு. ஆகவே விசாரணைக்குப் பதிலாக நட்டஈடும், நட்டஈட்டுக்குப் பதிலாக விசாரணையும் நிற்க முடியாது. கேட்பதற்கு உரிமையுடையவனுக்கு மறுப்பதற்கும் உரிமை உண்டு. பிச்சையை மறுப்பவனை உலகம் செருக்கன் என்னும். கடனைக் குறைத்துக் கொடுப்பவனிடம் வாங்க மறுப்பவன் தன் கணக்கை அறிந்தவன்.

ஆசிரியரும் மாணவருமாகிய நமக்கு இதில் செய்யத்தக்கது உண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் காயமுற்ற ஒருவன் முதலில் நாடுவது கடிதம் எழுதத் தெரிந்தவனை. தமிழில் முறையிடும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. எனினும் தன் வாக்குமூலம் எம்மொழியில், எவ்வாறு பதியப்பட்டதென அறியாமலே ஒப்பமிடும் தொழிலாளியோடு பொலிஸ் நிலையத்திற்குச் செல்ல ஒருவர் வேண்டும். ஒரு மாதம், இரண்டு ஆண்டு என்னும் காலவரையறைகளை அவனுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். சிங்களக் காயத்திற்கும் முஸ்லிம் காயத்திற்கும் தமிழ்க் காயத்திற்கும் ஒரே மனுவை எழுதத் துணியும் கரங்கள் வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பாக, நட்டஈடு கேட்டு வருபவனைக் கண்டு "காசு பார்க்கிறான்" என்று நம் வாயினின்றும் எழும் அச்சொல்லை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவன் நம் வாசலுக்கு வருவது நாம் கொடுக்க வேண்டிய ஒன்றைக் கேட்பதற்காகவே.